உங்களுக்குத் தெரியுமா? பந்தயத்துக்கு உபயம் யார்?

எல்கை வரை போய் வா

கரிசல் காட்டில் பந்தயத்துக்கென்று தனி மைதானம் போட்டு யாரும் பார்த்ததில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் கோயில் திருவிழாவோ பொங்கலோ வந்தால் ஊர்ச் சாலையே ஓடுகளம். புறப்பட்ட இடத்திலிருந்து எல்கை வரை போய்த் திரும்ப வேண்டும். 'போக வர இத்தனை மைல்' என்று நோட்டீஸில் அச்சாகியிருக்கும். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருடம் ஆன பிறகும் மாட்டுக்கு மைல்தான் கணக்கு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று வண்டிகளைப் பிரித்து ஓடவிடுவார்கள். மோட்டார் பந்தயத்தில் சி.சி. பார்த்துப் பிரிக்கிறார்களே, அதே வேலை.

அந்த நோட்டீஸில் பாதிக்கு மேல் இடத்தைப் பரிசு கொடுப்பவர்களின் பெயர்களே அடைத்திருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர், நகைக்கடை, செங்கல் சூளை, கட்சிக்காரர் என்று எல்லாம் உபயம். மாட்டையோ வண்டியையோ தயாரித்து விற்கும் கம்பெனி எதுவும் அதில் இருக்காது. மோட்டார் பந்தயத்தில் கதை தலைகீழ். அங்கே தயாரிப்பாளர் காசு இறக்கினால்தான் கொடி அசையும். நின்றுபோன பந்தயம் மறுபடி உயிர் பெற்ற இடங்களைத் தேடிப் போனால், ஒரு டயர்க்காரரோ கார்க்காரரோ செயின் செய்பவரோ முன்னால் நிற்கிறார். இந்த மாதத் துணுக்குகள் அவர்களைப் பற்றி.

கோர்ட்டு வழியாக வந்த பந்தயம்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு மட்டும் தடை போடவில்லை. மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் காளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே தீர்ப்பில் சொல்லியிருந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது, தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தங்களும் செல்லும் என்றது. எந்தக் கம்பெனியும் செலவழித்து மீட்ட பந்தயமில்லை இது.

ஆனாலும் இதில் தயாரிப்பாளரே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. கன்று பார்த்து வாங்கி, பருத்திக்கொட்டை அரைத்து வைத்து, கண்மாயில் நீச்சல் பழக்கி, ஜோடி சேர்த்து ஓடவிடுகிறாரே, அவர்தான் தயாரிப்பாளர். நாலு ஊரில் முதலாவதாக வந்த ஜோடிக்கு விலை கேட்டு ஆள் வருவது நமக்குத் தெரிந்ததுதானே. ஓடும் சாலைதான் அவருக்கு ஷோரூம். பிற்பாடு வரும் ஜப்பான் கார் கம்பெனியும் ஆஸ்திரியா பான கம்பெனியும் செய்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

கடைசியில் வந்தாலும் ஜெயித்த டயர்

1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் கார் பந்தயம். காற்றடைத்த டயரைக் காரில் மாட்டி ஓட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை. செய்து வைத்த டயரைப் போட்டுக்கொள்ள ஆள் கிடைக்காததால், மிஷெலின் சகோதரர்கள் தாங்களே ஒரு காரைத் தயார் செய்து ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். கையிருந்த 22 டியூபும் தீர்ந்தது. முன்னால் வந்தவர்களுக்கு வெகுநேரம் பிந்தித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது: காற்று டயரில் கார் ஓடும். அடுத்த சில வருடங்களில் கெட்டி ரப்பர் சக்கரம் பந்தயத்தை விட்டே போயிற்று. தயாரிப்பாளருக்குப் பந்தயம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

சோழவரம்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில், செங்குன்றம் தாண்டிச் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை அங்கே இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு அந்தக் கான்கிரீட் சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தியது. நேராக ஓடி எழும்புவதற்குப் போட்ட பாதை அது. வளைவுகளை ஓட்டுநர்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வருடத்துக்கொரு முறை நடந்த அந்தப் பந்தயத்துக்குக் கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது.

யார் யார் ஓட்டினார்கள் என்று பார்த்தால் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் வெளிநாட்டுக் கார்களோடு வருவார். பீர், சாராய ஆலைகளின் வாரிசான விஜய் மல்லையா, என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் போட்டியில் ஃபோர்ஸ் இந்தியா என்ற அணியையே வைத்திருந்தார். கோயமுத்தூர் மில் குடும்பங்களிலிருந்தும் வந்தார்கள். இளவரசர், முதலாளி, முதலாளி மகன்: அந்தக் காலத்துப் பந்தயத்துக்குச் சொந்தப் பணம்தான் ஸ்பான்சர். சொந்தப் பணத்தில் ஒரு வண்டியை ஓட்டலாம். பந்தயத்தை வருடம் முழுக்க ஓட்ட முடியுமா?

இடமும் கிளப்புக்குச் சொந்தமில்லை. வருடத்தில் சில நாட்களுக்கு அனுமதி வாங்கிப் பயன்படுத்துகிற ஓடுபாதைதான். அதனால் கிளப் தனக்கென்று ஒரு தடம் போட்டது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் அது திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர். சோழவரத்துப் பந்தயம் அதோடு பழைய கதையாயிற்று.

இருங்காட்டுக்கோட்டை என்றதும் ஹூண்டாய் கார் ஆலை ஞாபகம் வருகிறதா? அங்கே முதலில் வந்தது பந்தயத் தடம். கொரியாக்காரர்கள் ஆலை போட்டு சான்ட்ரோ காரை வெளியே விட்டது அதற்கப்புறம், 1998-இல்.

பலூன் கம்பெனி

தடம் போட்டால் போதாது, அதில் ஆள் ஓட வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் வருடா வருடம் தேசியப் பந்தயம் நடக்க டயர் கம்பெனிகள்தான் முதுகு கொடுத்தன. முக்கியமாக எம்.ஆர்.எஃப்., ஜே.கே. டயர்.

எம்.ஆர்.எஃப். என்ற மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியபோது செய்தது குழந்தைகள் விளையாடும் பலூன். தொடங்கியவர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. டயருக்கு வந்தது 1960-களில். அதே கம்பெனிதான் 1987-இல் டென்னிஸ் லில்லியை அழைத்துவந்து வேகப்பந்து வீச்சாளர் பயிற்சிக்கூடம் வைத்தது. சச்சின் மட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்தும் இவர்களுடையதே. மட்டையில் பெயர் எழுதினால் விளம்பரம், அவ்வளவோடு சரி. பந்தயத்தில் டயர் போட்டு ஓட்டினால் விளம்பரத்தோடு சோதனையும் சேர்ந்து நடக்கும். எந்த வளைவில் ரப்பர் எப்படித் தேய்கிறது, வெயிலில் தடம் சுடும்போது பிடிமானம் என்ன ஆகிறது என்று ஒரு பந்தய நாளில் கிடைக்கும் விவரம் ஆலைக்குள் உட்கார்ந்தால் கிடைக்காது.

இதற்குக் கொடுக்கும் விலை, பெயர். இருங்காட்டுக்கோட்டை மோட்டார் சைக்கிள் போட்டியின் முழுப் பெயரைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எம்.ஆர்.எஃப். எம்.எம்.எஸ்.சி. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. இந்தியன் நேஷனல் மோட்டார் சைக்கிள் ரேசிங் சாம்பியன்ஷிப். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதி எழுதி வெளிச்சம் மறைந்த மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த டியூப்லைட்டை வாங்கிப் போட வேறு ஆள் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஷூமாக்கர் மகன் ஓட்டிய தடம்

எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் என்ற தொடரில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து ஓட்டியவர்கள் பட்டியலைப் பாருங்கள். எமர்சன் ஃபிட்டிபால்டியின் பேரன் பியத்ரோ ஃபிட்டிபால்டி 2015–16 தொடரை ஜெயித்தார். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், 2016–17 தொடரில் மூன்றாமிடம். 2018–19 தொடரை ஜெயித்தவர் இங்கிலாந்துப் பெண் ஜேமி சாட்விக். அந்தத் தொடரைக் கைப்பற்றிய முதல் பெண். ஐரோப்பாவில் குளிர்காலம், பந்தயம் கிடையாது. இங்கே டயர் கம்பெனி கார் கொடுத்தது, வெயிலும் இருந்தது. வராமல் என்ன செய்வார்கள்?

பலமான உபயதாரர்: ஒரு பேக்கிங் பவுடர் வியாபாரி

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். 1909-இல் அந்தத் தடத்தைப் போட்ட நால்வரில் கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் ஆலிசனும் கார் விளக்குக்கான வாயு விற்றவர்கள், ஒருவர் கார்புரேட்டர் செய்பவர், இன்னொருவர் கார் கம்பெனிக்காரர். தங்கள் சரக்கைச் சோதித்துக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்றுதான் போட்டார்கள். முதல் தளம் பெயர்ந்து உயிர்கள் போயின. உடனே 32 லட்சம் செங்கல் இறக்கிப் பதித்தார்கள். இன்றும் அதன் செல்லப்பெயர் 'செங்கல் முற்றம்' என்கிற பொருள்படத்தான்.

1941-க்குப் பிறகு போர் காரணமாகப் பந்தயம் நின்றது. மூன்று வருடத்தில் செங்கல் இடுக்கெல்லாம் புல், மரத்தாலான காலரிகள் உளுத்துப்போய்க் கிடந்தன. 1944 நவம்பரில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனிக்காக ஒருவர் அங்கே தனியாகக் கார் ஓட்டிப் போனார். பெயர் வில்பர் ஷா. அந்தப் பந்தயத்தை மூன்று முறை ஜெயித்தவர். செயற்கை ரப்பரில் செய்த டயர் 500 மைல் தாங்குமா என்று பார்க்கும் சோதனை.

ஏன் செயற்கை ரப்பர்? 1942-இல் மலாயா ஜப்பான் கைக்குப் போய்விட்டது. அந்த மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு ஜனங்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள், திரும்பாதவர்கள் எத்தனையோ. தோட்டத்துப் பால் கப்பலேறாததால் அமெரிக்கா ரசாயனத்தில் ரப்பர் காய்ச்சியது. இண்டியானாபொலிஸில் அன்று ஓடிய டயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பந்தய வரலாறு எழுதுபவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

டயர் தாங்கியது. ஆனால் தடம் கிடந்த கோலம் ஷாவுக்குப் பொறுக்கவில்லை. வாங்க ஆள் தேடி அலைந்தார். கடைசியில் அகப்பட்டவர் டோனி ஹல்மன், க்ளாபர் கேர்ள் என்ற பேக்கிங் பவுடர் செய்து விற்ற குடும்பத்தவர். 1945 நவம்பரில் ஏழரை லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆறே மாதத்தில் காலரியைச் சீர்செய்து, 1946 மே 30 அன்று மறுபடி பந்தயம் ஓடியது. மாவு பொங்கவைக்கிற பவுடருக்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். சம்பந்தமுள்ள டயர் கம்பெனி சோதனைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், அந்தப் பவுடர்க்காரர் காதுக்குச் சேதியே போயிருக்காது. இண்டியானாபொலிஸ் பந்தயக் கார்களுக்கு இன்றைக்கும் டயர் ஃபயர்ஸ்டோன்தான்.

ஓடுபாதைகளின் சொந்தக்காரர்கள்

சோழவரம் மாதிரி விமான ஓடுபாதையில் பிறந்த பந்தயங்கள் உலகில் நிறைய. 1950 மே 13 அன்று முதல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டி நடந்த சில்வர்ஸ்டோன், குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம். ஆஸ்திரியாவில் ஸெல்ட்வெக் விமானதளத்தில் 1964-இல் ஒரு கிராண்ட் பிரீ வைத்தார்கள். கான்கிரீட் மேடுபள்ளத்தில் காரின் அடிப்பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஆகவே பக்கத்து மலைச்சரிவில் 1969-இல் புதுத் தடம் போட்டார்கள். அதிலும் 1987-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் நின்றது. ஏ1 என்கிற மொபைல் போன் கம்பெனி பெயரைச் சூட்டி 1997-இல் திரும்பி வந்தது. 2003-இல் மறுபடி நின்றது. காலரிகளை இடித்துப் போட்டுவிட்டு, சத்தம், சுற்றுச்சூழல் என்று வழக்குகளில் வருடங்கள் ஓடின. ரெட் புல் பானம் விற்ற டீட்ரிக் மாடெஷிட்ஸ் சொந்தக் காசைக் கொட்டினார்; 2011-இல் தடம் திறந்தது, 2014-இல் ஃபார்முலா ஒன் வந்தது. இப்போது அதன் பெயரே ரெட் புல் ரிங். மொபைல் கம்பெனி பெயர் மட்டும் கொடுத்தது. இவர் தடத்தையே வாங்கினார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வருடக் கணக்கிலேயே இருக்கிறது.

நம் பக்கமும் போர்க்கால ஓடுபாதைகள் உண்டு. ஒன்று கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு, இன்னொன்று காரைக்குடி பக்கம் செட்டிநாடு. சோழவரத்துக்குக் கிடைத்த பேர் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. கான்கிரீட் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். கிளப்பும் காசும் இருந்தது மெட்ராஸிலும் கோயமுத்தூரிலும்.

காரி

கோயமுத்தூர் லட்சுமி மில் குடும்பத்துச் சுந்தரம் கரிவரதன், சுருக்கமாகக் காரி. சோழவரத்தில் ஓட்டியவர்களில் ஒருவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியுள்ளவன் மட்டும் ஓட்டுவது என்ன பந்தயம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாருதி 800 காரின் என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். செலவு குறைந்தது, பையன்கள் வந்தார்கள். அப்படி ஃபார்முலா மாருதியில் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அவருக்கு முதுகு கொடுத்தவர்களில் டாடா உண்டு.

காரி 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த தடத்துக்கு அவர் பெயர்: காரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே ஓடும் ஒரு காரின் பெயர் ஃபார்முலா எல்.ஜி.பி. அது என்ன எல்.ஜி.பி.? மோட்டார் சைக்கிள் செயின் செய்யும் கோயமுத்தூர்க் கம்பெனி, எல்.ஜி. பாலகிருஷ்ணன். கடையில் ரோலான் செயின் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே கம்பெனி. வேறெந்த ஊரிலாவது பைக் செயின் பெயரில் பந்தயக் கார் ஓடுகிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

துளி துளியாய்

● மதுரை–மேலூர் சாலை வெள்ளரிப்பட்டியில் டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா, யூரோகிரிப் என்ற பெயரில் விற்கிறது. 2022-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையின் முதன்மை ஸ்பான்சர். நம் பக்கத்து டயர் கிரிக்கெட்டுக்குப் போனது பற்றி எனக்குச் சின்ன வருத்தம்.

● டி.வி.எஸ். மோட்டாரின் பந்தய அணி 1982-இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் தயாரிப்பாளரே நடத்திய முதல் பந்தய அணி என்று சொல்கிறார்கள்.

● ஜப்பானின் சுசுகா தடம் 1962-இல் ஹோண்டா தன் வண்டிகளைச் சோதிக்கப் போட்டது. எட்டு எழுதிய மாதிரி ஒரு பாதை இன்னொன்றின் மேலே பாலமாகத் தாண்டும். ஊர்ப் பெயர் அப்படி. போட்டிக் கம்பெனி சுசுகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

● இத்தாலியின் முஜெல்லோ தடம் 1988-இலிருந்து ஃபெராரி சொத்து. 2020-இல் ஃபெராரியின் ஆயிரமாவது ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கேயே நடந்தது. ஜெயித்தது மெர்சிடிஸ்.

● கலிஃபோர்னியாவின் லகுனா செக்கா தடம் 2001 முதல் 2018 வரை மாஸ்டா பெயரில் இருந்தது. அதன் பிறகு பெயர் வாங்கியது வெதர்டெக். அவர்கள் செய்வது காருக்குள் காலடியில் போடும் மேட்.

● நடிகர் அஜித் குமார் 2003-இல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியாவிலும் 2010-இல் ஃபார்முலா டூவிலும் ஓட்டினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம். சினிமா சம்பாத்தியமும் பந்தயத்துக்கு ஒரு ஸ்பான்சர்தான்; சோழவரத்து இளவரசர் பாணி.

சிகரெட் போன வழி

1968 வரை ஃபார்முலா ஒன் கார்கள் நாட்டு நிறத்தில் ஓடின: இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு. அந்த வருடம் லோட்டஸ் அணி கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் நிறத்துக்கு மாறியது. அதிலிருந்து நாற்பது வருடத்துக்குப் பக்கம் பந்தயம் புகையிலைப் பணத்தில் கொழுத்தது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் ஸ்பான்சரையும் சேர்த்தே நிறுத்தியது. சிகரெட்டுக்குப் பந்தயம் வெறும் சுவர், பெயர் எழுதத்தான். டயருக்கும் ஆயிலுக்கும் செயினுக்கும் அதுவே ஆய்வுக்கூடம். சுவர் தேடி வந்தவரைச் சட்டம் அனுப்பிவிட்டது, ஆய்வுக்கூடம் தேடி வந்தவர் இன்னும் இருக்கிறார்.

இதை வைத்துப் பார்த்தால் நம் ஊருக்கு ஏன் யாரும் வரவில்லை என்பதும் புரிகிறது. அருப்புக்கோட்டையில் நூற்பாலையும் தறியும் உண்டு, பந்தல்குடியில் சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், விருதுநகரில் பருப்பும் எண்ணெயும். தயாரிப்பாளருக்குப் பஞ்சமில்லை. நூலையும் சிமெண்டையும் சாலையில் ஓட்டிக் காட்ட முடியாதே!

பத்து வருடம் சும்மா கிடந்த தடம்

டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் புத்தா சர்க்யூட், 5.125 கிலோமீட்டர். 2011, 2012, 2013 என்று மூன்று ஃபார்முலா ஒன் பந்தயம். மூன்றையும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். பந்தயத்தைக் கேளிக்கை என்று கருதி உத்தரப் பிரதேச அரசு கேளிக்கை வரி கேட்டதும் சிக்கல்களில் ஒன்று. அப்புறம் அந்தப் பெரிய காலரி காலியாகக் கிடந்தது. 2023 செப்டம்பர் 24 அன்று மோட்டோ ஜி.பி. அங்கே வந்தது, முன்னால் நின்ற ஸ்பான்சர் இந்தியன் ஆயில். ஜெயித்தவர் இத்தாலியின் மார்கோ பெஸ்ஸெக்கி. 2024-இல் நடக்கவில்லை.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவில் இரவுப் பந்தயம் நடந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். முந்தின டிசம்பரில் வைத்திருந்தது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அதற்குப் பின்னால் நின்றது தமிழக அரசு. அரசுப் பணத்தில் ஓட்டலாமா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. என் கட்சி, டயர்க்காரர் கட்சி: அவர் நஷ்டப்பட்டால் அவர் கணக்கு.

ஃபுஜி மலை அடிவாரத்தில்

தயாரிப்பாளர் வந்தால் எல்லாம் சுகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானின் ஃபுஜி தடத்தில் 1976-இல் கொட்டும் மழையில் நிக்கி லவுடா, உயிர்தான் முக்கியம் என்று காரை நிறுத்திவிட்டு இறங்கினார்; உலகச் சாம்பியன் பட்டம் ஜேம்ஸ் ஹண்டுக்குப் போனது. அடுத்த வருடப் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதோடு ஃபார்முலா ஒன் அந்தப் பக்கம் முப்பது வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 2000-இல் டொயோட்டா தடத்தை விலைக்கு வாங்கியது, புதிதாகப் போட்டது, 2007-இல் பந்தயத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வருடம் ஹாமில்டன் ஜெயித்தார், மறுவருடம் அலோன்சோ. சொந்தத் தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தை டொயோட்டா கார் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. 2009-இல் உலகப் பொருளாதாரம் சரிந்ததும், இனி பந்தயம் நடத்த முடியாது என்று கையை விரித்தார்கள். அந்த நவம்பரில் ஃபார்முலா ஒன்னிலிருந்தே விலகினார்கள்.

பந்தயம் போயிற்று, தடம் போகவில்லை. விற்கவுமில்லை. 2021 மே மாதம் அங்கே நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் பெட்ரோலுக்குப் பதில் ஹைட்ரஜனை எரிக்கும் என்ஜின் வைத்த கொரோலா கார் ஓடியது. ஓட்டியவர்களில் ஒருவர் மொரிஸோ. அது புனைபெயர், ஆள் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா. முதலாளியே இறங்கி ஓட்டுகிற சோதனை.

புல்லட் குடும்பத்துப் பந்தயம்

கோயமுத்தூர் காரி தடத்தில் 2021-இலிருந்து ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி. கப் என்று ஒன்று நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே வண்டி, கான்டினென்டல் ஜி.டி. 650. பழைய பாணி உருண்டை விளக்கு வண்டியைப் பந்தயத்துக்குத் தகுந்தபடி மாற்றி ஓட்டுகிறார்கள். டயருக்கு ஜே.கே., வண்டிக்கு இங்கிலாந்தில் பிறந்து திருவொற்றியூருக்கு வந்த என்ஃபீல்டு, தடத்துக்குக் காரியின் பெயர். வேகத்தில் இது ஜப்பான் வண்டிகளுக்குக் கிட்டே வராது. இருந்தாலும் ஜெயித்தவன் ஓட்டிய அதே மாடலை மறுநாள் காலை கடையில் போய் விலை கேட்கலாம். விற்கிறவருக்கு அதுதானே வேண்டும்.